ஒரு ஸ்கேன் எதை மாற்றுகிறது?

எக்ஸ்-ரேயோ சி.டி. ஸ்கேனோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. அது ஒரு தகவலைத் தருகிறது. அந்தத் தகவலால் மருத்துவர் அடுத்து எடுக்கப்போகும் முடிவு மாறினால் நோயாளிக்குப் பலன் கிடைக்கிறது. முடிவு மாறவில்லை என்றால், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செலவும் அலைச்சலும்தான் மிச்சம். சில சமயம் படத்தாலேயே புதிய தொல்லை தொடங்கிவிடும். மருத்துவப் படமெடுப்பு பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

1991-ல் டென்னிஸ் ஃப்ரைபேக், ஜான் தார்ன்பரி என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். படம் தெளிவாக இருக்கிறதா? அதிலிருந்து நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க முடிகிறதா? மருத்துவரின் கணிப்பு மாறுகிறதா? சிகிச்சை மாறுகிறதா? நோயாளி அதனால் நன்றாக இருக்கிறாரா? கடைசியாக, சமூகம் செலவிடும் பணத்துக்கு அது ஈடா? விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடும்: "அதிநவீன இயந்திரம், மிகத் தெளிவான படம்." நோயாளிக்கு முக்கியமானது நான்காவதும் ஐந்தாவதும். முதல் படியில் ஜெயித்து ஐந்தாம் படியில் தோற்றுப்போகும் ஸ்கேன்கள் நிறைய இருக்கின்றன.

எந்தக் கருவி எதைப் பார்க்கிறது

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பரில் கண்டுபிடித்த எக்ஸ்-ரே, உடலின் நிழலைப் பதிவு செய்கிறது. எலும்பு கதிரை அதிகமாக விழுங்குவதால் வெள்ளையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரியும். எலும்பு முறிவு, நிமோனியா, நெஞ்சுக்கூட்டில் காற்றோ நீரோ சேர்வது ஆகியவற்றுக்கு இன்றும் இதுதான் முதல் படம். முன்னும் பின்னும் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது இதன் குறை. இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டி தப்பிவிடலாம்.

அந்தக் குறையைத் தீர்த்தது சி.டி. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. எக்ஸ்-ரே குழாய் உடலைச் சுற்றிவர, உடலின் ஒவ்வொரு சிறு துண்டும் எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்பதற்குக் கணினி ஓர் எண் தருகிறது. அவர் பெயரிலேயே வழங்கும் அந்த அளவில் தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறக்குறைய -100. மூளைத் திசு 30 முதல் 40 வரை, புதிதாக உறைந்த ரத்தம் 60 முதல் 80 வரை. இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் மூளைக்குள் கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது. கண்ணால் எல்லாச் சாம்பல் நிறங்களையும் ஒரே நேரத்தில் பிரித்தறிய முடியாது. அதனால் மூளையைப் பார்க்கும்போது 40-ஐ மையமாக வைத்து 80 எண் அகலத்துக்குள் மட்டும் நிறங்களை விரித்துக் காட்டுவார்கள். அதே காட்சியில் மண்டையோடு முழுக்க வெள்ளையாக எரிந்துபோய், மெல்லிய விரிசல் மறைந்துவிடும். அதற்கு அமைப்பை மாற்றித் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே ஸ்கேனை மூன்று நான்கு விதமாகப் பார்க்காமல் எழுதிய ரிப்போர்ட் அரைகுறைதான்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. ஒலி போய் மோதித் திரும்பிவரும் நேரத்தை வைத்து உருவம் வரைகிறது. பித்தப்பைக் கல், கர்ப்பம், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, குழந்தைகளின் வயிறு ஆகியவற்றுக்கு நல்ல கருவி. காற்றும் எலும்பும் இதற்கு எதிரிகள். பித்தப்பைக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், குடலில் வாயு பெருகும். அடிவயிற்று ஸ்கேனுக்கு நீர் குடித்துச் சிறுநீரை அடக்கச் சொல்வது, நிறைந்த பை குடலைத் தள்ளிவிட்டு ஒலிக்கு வழி விடுவதால். கர்ப்பப்பையை மட்டும் பார்ப்பதற்கென்று பட்டினி இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு அறிவுரைகளும் கலந்துபோவதால் வீணாகும் காலை நேரங்கள் ஏராளம்.

எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் ரேடியோ அலைகளாலும் உடலில் உள்ள ஹைட்ரஜனிடமிருந்து சமிக்ஞை வாங்குகிறது. மூளை, தண்டுவடம், மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு, தசைநார் ஆகியவற்றை இதைப்போல் வேறெதுவும் காட்டாது. நேரம் அதிகம் எடுக்கும், அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும். பெட் ஸ்கேன் வேறு வகை: கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, எந்தத் திசு அதை அதிகமாகத் தின்கிறது என்று பார்க்கிறது. புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதற்குப் பயன்படும். ஆனால் காசநோய்ப் புண்ணும் சாதாரண அழற்சியும்கூட அதே சர்க்கரையைத் தின்னும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல.

பக்கவாதம்: நிமிடங்கள் எண்ணப்படும் இடம்

ஸ்கேன் ஒரு வாழ்க்கையையே திருப்பிவிடுவதைப் பார்க்க வேண்டுமானால் பக்கவாதத்தைப் பார்க்கலாம். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சு குழறி ஒருவர் வந்து சேர்கிறார். காரணம் இரண்டில் ஒன்று: மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், அல்லது குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. சிகிச்சையோ நேரெதிர். அடைப்புக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிரே போகலாம்.

எனவே முதலில் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தக்குழாய்களும் உறுப்புகளும் எடுப்பாகத் தெரிய ஊசியில் ஏற்றுவது) இல்லாத சாதாரண மூளை சி.டி. சில நிமிட வேலை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் சி.டி. பெரும்பாலும் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். "ஸ்கேன் நார்மல், அப்படியானால் பக்கவாதம் இல்லை" என்று குடும்பத்தார் நிம்மதி அடைவது பெரிய ஆபத்து. இங்கே நார்மல் ஸ்கேனின் பொருள், "ரத்தக்கசிவு இல்லை, ஊசியைப் போடலாம்" என்பதே. அந்த ஊசிக்கான வழக்கமான கால எல்லை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். அந்த எல்லைக்குள்ளும் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

அடுத்த படி சி.டி. ஆஞ்சியோகிராம். கழுத்திலிருந்து மூளை வரை ரத்தக்குழாய்களைப் படமெடுத்து, பெரிய குழாய் ஒன்று அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அடைத்திருந்தால் தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி அந்த ரத்தக்கட்டை இழுத்து எடுக்கலாம். இதை ஆறு மணி நேரத்துக்குள் செய்தால்தான் உண்டு என்று முன்பு நினைத்தார்கள். 2018-ல் வெளியான டான், டெஃப்யூஸ் 3 என்ற இரு ஆய்வுகள் அந்த எல்லையை மாற்றின. கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், மூளையில் எவ்வளவு பகுதி இறந்துவிட்டது, எவ்வளவு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் தவிக்கிறது என்பதைச் சிறப்பு ஸ்கேனால் அளந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டான் ஆய்வில் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்து ரத்தக்கட்டு அகற்றப்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றி வாழும் நிலையில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 13 சதவீதம். இங்கே படம் ஆறு படிகளையும் ஏறிவிட்டது.

குடல்வால் அழற்சியிலும் இதே கதைதான், வேகம் மட்டும் குறைவு. பழைய நாட்களில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் ரத்தப் பரிசோதனையை வைத்தும் அறுவை சிகிச்சை செய்வார்கள். திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனையின் 18 ஆண்டுக் கணக்கில், 1990-ல் இப்படித் தேவையின்றிச் செய்யப்பட்டவை 23 சதவீதம். அறுவைக்கு முன் சி.டி. எடுப்பது வழக்கமான பிறகு, 2007-ல் 1.7 சதவீதம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்; அதில் தெளிவாகவில்லை என்றால்தான் அடுத்தது.

ஒரே ஸ்கேன், இரண்டு அர்த்தம்

இதைப் பொறுமையாகப் படித்தால் மருத்துவப் பரிசோதனை எதையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ஒரு ஸ்கேன் நோயுள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரை நோயில்லை என்று சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அறிகுறி எதுவும் இல்லாத 1,000 பேருக்கு அந்த ஸ்கேனை எடுக்கிறோம். அவர்களில் உண்மையில் நோய் இருப்பது 10 பேருக்கு. ஸ்கேன் 9 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் "இருக்கிறது" என்று தவறாகச் சொல்கிறது. ஆக மொத்தம் 108 பேருக்குப் பயம். அதில் நிஜ நோயாளி 9 பேர், அதாவது 12 பேரில் ஒருவர். மீதி 99 பேரும் மறு ஸ்கேன், பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது), தூக்கமில்லாத இரவுகள் என்று அலைய வேண்டும்.

இப்போது அதே ஸ்கேனை, அறிகுறிகளையும் உடல் பரிசோதனையையும் வைத்து "பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று மருத்துவர் சந்தேகிக்கும் 1,000 பேருக்கு எடுக்கிறோம். நோயுள்ள 500 பேரில் 450 பேர் பிடிபடுகிறார்கள். தவறான எச்சரிக்கை 50 மட்டுமே. "இருக்கிறது" என்று வந்தால் அது 90 சதவீதம் உண்மை. இயந்திரமும் அதுவே, துல்லியமும் அதுவே. மாறியது, யாருக்கு எடுத்தோம் என்பது.

ஆகவே, மருத்துவர் நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்துச் செலவிடும் பத்து நிமிடம், ஸ்கேனுக்குப் பதிலான பழைய முறை என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனின் முடிவுக்கு அர்த்தம் தருவதே அந்தப் பத்து நிமிடம்தான். அதைத் தவிர்த்துவிட்டு "முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்புவது, நல்ல கருவியைக் கெடுப்பதாகும். இன்னொன்றையும் பாருங்கள்: இரண்டாவது குழுவில் நோயுள்ள 50 பேருக்கு "இல்லை" என்று வந்திருக்கும். அறிகுறி பலமாக இருந்தால், நார்மல் ரிப்போர்ட்டோடு விஷயத்தை முடித்துவிடக் கூடாது.

தேடாமலே கிடைப்பவை

முதுகுவலிக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுங்கல் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதைப் போல இதுவும் வயதின் அடையாளம். ஆனால் ரிப்போர்ட்டில் "தேய்மானம், பிதுங்கல், நரம்பை லேசாகத் தொடுகிறது" என்று படித்தவர் அன்றிலிருந்து குனியப் பயப்படுகிறார், நடப்பதைக் குறைக்கிறார், தசை பலவீனமாகிறது, வலி நீடிக்கிறது. சிலர் தேவையில்லாத ஊசிக்கும் அறுவைக்கும் போகிறார்கள்.

சாதாரண இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் படம் வேண்டாம் என்பது உலகளவில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. விதிவிலக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, பலத்த அடி, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை. இவற்றில் முதல் மூன்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதைவிடக் கசப்பான பாடம் தென் கொரியாவில் கிடைத்தது. அங்கே 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் சேரவில்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்து வழங்கின. 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் அளவு 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்களின் அளவு மாறவே இல்லை. ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் கிடந்திருக்கும் சிறு கட்டிகளை ஸ்கேன் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிக் கட்டி தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு அகற்றப்பட்டது. தினமும் ஹார்மோன் மாத்திரை, சிலருக்குக் கால்சியம் குறைபாடு, சிலருக்குக் குரல் நரம்புச் சேதம். 2014-ல் மருத்துவர்கள் சிலர் இதை வெளிப்படையாகப் பேசிய பிறகு அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்கேனே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீண்ட நாள் புகைத்த 53,454 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-ல் முடிவு வெளியான ஆய்வில், குறைந்த கதிர் அளவு சி.டி.யால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. 55 முதல் 74 வயது, புகைத்த அளவு இவ்வளவு என்று ஆட்களை அளந்து தேர்ந்தெடுத்ததே அதன் பலம். அங்கேயும், சந்தேகம் என்று வந்த ஸ்கேன்களில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை என்று முடிந்தது. பலனும் விலையும் சேர்ந்தேதான் வரும். "முழு உடல் ஸ்கேன்" என்று யாருக்கும் பொதுவாக விற்கப்படுவதில் இந்தத் தேர்வு கிடையாது.

எங்கே தவறுகிறது

தவறு பெரும்பாலும் இயந்திரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, அதாவது ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில். "வயிற்றுவலி, சி.டி. வயிறு" என்று மட்டும் எழுதி வந்தால், எப்படி எடுப்பது என்று கதிரியக்க மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகக் கல்லா என்பது கேள்வியானால் கான்ட்ராஸ்ட் மருந்தே கூடாது. மருந்து சிறுநீரில் இறங்கிவிட்டால் அதுவும் வெள்ளை, கல்லும் வெள்ளை, கல் மறைந்துவிடும். கல்லீரல் கட்டியா என்பது கேள்வியானால் மருந்து ஏற்றிச் சுமார் 30 நொடியில் ஒரு முறை, 70 நொடியில் ஒரு முறை, சில நிமிடம் கழித்து ஒரு முறை என்று எடுக்க வேண்டும். சில கட்டிகள் முதல் கட்டத்தில் மட்டுமே ஒளிர்ந்து பிறகு மங்கிவிடும். குடலில் ரத்தக்கசிவுக்கு வேறு கணக்கு. "வலது அடிவயிற்றில் இரண்டு நாளாக வலி, காய்ச்சல், வெள்ளையணு அதிகம், குடல்வாலா? ஐந்து வருடத்துக்கு முன் பித்தப்பை எடுத்தாயிற்று. கிரியாட்டினின் இயல்பு" என்று நான்கு வரி எழுதினால் ஸ்கேனின் தரமே மாறும்.

எடுக்கும்போது வரும் தவறு, பெரும்பாலும் அசைவு. மூச்சை அடக்கவில்லை என்றால் நுரையீரல் அடிப்பகுதி மங்கும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு வரிசைப் படம் சில நிமிடம் ஓடும். நடுவில் ஒரு முறை தலை அசைந்தால் அந்த வரிசை முழுவதும் வீண். பல்லில் உள்ள உலோகம், இடுப்பு மாற்று மூட்டு ஆகியவை சுற்றிலும் கோடு கோடாக இழுத்துப் படத்தைக் கெடுக்கும்.

படிக்கும்போது வரும் தவறு மனித இயல்பைச் சார்ந்தது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி.யில் சிறு முடிச்சுகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள், வழக்கமான முடிச்சைப்போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் அசைவைப் பதிவு செய்தபோது அவர்களில் பலர் நேராக அதைப் பார்த்திருந்தது தெரிந்தது. திறமைக் குறைவு என்று இதைச் சொல்வது அநியாயம். எதைத் தேடுகிறோமோ அதுவே கண்ணில் படும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடும் பழக்கமும் எல்லாருக்கும் உண்டு. முதல் எலும்பு முறிவைப் பார்த்ததும் இரண்டாவது தப்புவது அப்படித்தான். பழைய படத்தோடு ஒப்பிடுவது, உறுப்பு வரிசையாகப் பட்டியல் வைத்துப் பார்ப்பது, முக்கியமானவற்றை இன்னொருவர் மறுபடி படிப்பது ஆகியவை இதைக் குறைக்கின்றன. ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களை வைத்து நடந்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) ஆய்வில், இரண்டு மருத்துவர்கள் படிக்கும் வழக்கத்துக்குப் பதில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்தபோது, படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை.

கதிர்வீச்சு, ஊசி மருந்து, காந்தம்

பூமியில் சும்மா வாழ்வதற்கே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) இயற்கைக் கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு நெஞ்சு எக்ஸ்-ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. மூளை சி.டி. ஏறக்குறைய 2, வயிற்று சி.டி. 8 முதல் 10 வரை. அதே வயிற்றை மூன்று கட்டமாக எடுத்தால் மும்மடங்கு நெருங்கும். தனி ஒருவருக்கு ஒரு ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது. தேவையான சி.டி.யை இதற்குப் பயந்து மறுப்பது தவறு. ஆனால் குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பிரிபவை, அவர்களுக்கு முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. குழந்தைக்கு எடுக்கும்போது "குழந்தைக்கான அளவில்தானே எடுக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். பெரியவர்களின் அமைப்பிலேயே எடுத்தால் தேவைக்குப் பல மடங்கு கதிர் போய்விடும்.

சி.டி.க்கு ஏற்றும் கான்ட்ராஸ்ட் அயோடின் கலந்தது. ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவுவதும், சிறுநீர் கழித்துவிட்டதுபோல் தோன்றுவதும் இயல்பு. மூச்சுத்திணறல், அரிப்பு, முகவீக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மீன், இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்பது பழைய நம்பிக்கை. வேறு ஒவ்வாமைகளைவிட அதற்குத் தனி முக்கியத்துவம் இல்லை. முன்பு இதே மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா என்பதே முக்கியமான கேள்வி.

எம்.ஆர்.ஐ. காந்தம் ஸ்கேன் ஓடாதபோதும் வேலை செய்துகொண்டே இருக்கும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய் கிளிப் பற்றியெல்லாம் கேட்கும் படிவத்தை அவசரத்தில் "இல்லை, இல்லை" என்று நிரப்பிவிடக் கூடாது. வெல்டிங், கடைசல் வேலை செய்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். முதலில் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

பணம் எங்கே போகிறது

ஸ்கேன் கட்டணத்தில் அந்த ஒரு படத்துக்கென்று ஆகும் செலவு கொஞ்சம்தான். இயந்திரத்தின் விலை, ஈயத் தகடு பதித்த அல்லது ரேடியோ அலை புகாத அறை, குளிரூட்டி, எம்.ஆர்.ஐ.க்குத் திரவ ஹீலியம், சி.டி.யில் தேய்ந்து மாற்ற வேண்டிய எக்ஸ்-ரே குழாய், வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், டெக்னீஷியன், படிக்கும் மருத்துவர், படங்களைச் சேமிக்கும் கணினி என்று எல்லாம் நிலையான செலவு. ஒரு நாளைக்கு ஐந்து பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் பெரும்பகுதி மாறாது. அதனால் இயந்திரம் வாங்கியவருக்கு அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் வருகிறது. 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படமெடுக்கும் கருவியைச் சொந்தமாக வைத்திருந்த மருத்துவர்கள், வெளியே அனுப்பும் மருத்துவர்களைவிடக் குறைந்தது நான்கு மடங்கு அதிகமாகப் படம் எடுத்தார்கள். நோயாளிகள் சொன்ன உடல் தொல்லை ஒரே மாதிரியானதுதான்.

கட்டண ரசீதில் தெரியாத செலவு அதற்குப் பிறகு வருவது. சி.டி.யில் தற்செயலாகத் தெரிந்த ஒரு முடிச்சு, மறு ஸ்கேன், நிபுணர், பயாப்ஸி, அதனால் வரும் சிக்கல், வேலைக்குப் போகாத நாட்கள். மறுபக்கம், சரியான இடத்தில் எடுத்த ஸ்கேன் பெரும் செலவை மிச்சப்படுத்தும். தேவையற்ற அறுவை ஒன்றைத் தவிர்த்தால் பல ஸ்கேன்களின் விலை திரும்பிவிடும். பக்கவாதத்தில் ஒருவர் சொந்தக் காலில் நடந்து வீடு திரும்பினால், வருடக்கணக்கான பராமரிப்புச் செலவு மிஞ்சும். ஆக, விலை குறைந்த ஸ்கேனைவிட, எது அடுத்த படியைத் தீர்மானிக்குமோ அந்த ஸ்கேனை முதலிலேயே எடுப்பதுதான் சிக்கனம். எதுவும் சொல்லாத ஒரு எக்ஸ்-ரே, பிறகு அல்ட்ராசவுண்ட், கடைசியில் எம்.ஆர்.ஐ. என்று ஏறிப் போவது இரட்டைச் செலவு.

படமே எடுக்காமல் முடிவெடுக்க உதவும் விதிகளும் இருக்கின்றன. 1992-ல் கனடாவில் உருவான ஒட்டாவா கணுக்கால் விதி அழகான ஒன்று. கணுக்காலின் இருபக்க எலும்பு முனையிலோ, அதன் பின் விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரையிலோ அழுத்தினால் வலிக்கவில்லை, அடிபட்டவுடனும் மருத்துவரிடமும் நான்கு காலடி நடக்க முடிந்தது என்றால், கணுக்கால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. எக்ஸ்-ரே வேண்டாம். பாதத்துக்கு இதேபோல் தனி விதி உண்டு. தலையில் அடிபட்ட குழந்தைகளுக்கு, 42,000-க்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் வந்த பெக்கார்ன் விதி, யாரைச் சி.டி. இல்லாமல் கண்காணித்தாலே போதும் என்று சொல்கிறது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

ரிப்போர்ட்டில் எப்படி எடுத்தார்கள், என்ன தெரிந்தது, முடிவு என்ன என்று மூன்று பகுதி இருக்கும். முதலில் கடைசிப் பகுதியைப் படியுங்கள். நடுவில் வரும் "சிறிய நீர்க்கட்டி", "லேசான தேய்மானம்" போன்றவை முடிவுப் பகுதியில் இல்லை என்றால் பெரும்பாலும் கவலைக்குரியவை அல்ல. "அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்ற வரி, படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, உங்களைப் பரிசோதித்த மருத்துவர் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று பொருள்படும். ரிப்போர்ட்டை இணையத்தில் வரிவரியாகத் தேடுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள்.

பழைய படங்கள் பொன்போல. நுரையீரலில் தெரியும் ஒரு திடமான முடிச்சு இரண்டு வருடமாக அதே அளவில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் பெரும்பாலும் பயாப்ஸியே தேவைப்படாது. செல்போனில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து வைத்திருப்பது இதற்கு உதவாது. அளந்து பார்க்கக்கூடிய மூலப் படங்கள் உள்ள குறுந்தட்டோ, பென்டிரைவோ, மருத்துவமனை தரும் இணைப்போ வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கலாம்.

தற்செயலாகத் தெரிந்த முடிச்சுக்கு எப்போது மறு ஸ்கேன் என்பதற்கு ஒழுங்கான வழிகாட்டுதல் உண்டு. நெஞ்சுப் பட நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 பரிந்துரைப்படி, ஆபத்துக் காரணிகள் குறைந்த ஒருவருக்கு 6 மில்லிமீட்டருக்கும் சிறிய ஒற்றைத் திட முடிச்சு இருந்தால் வழக்கமாக மறு ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் ஒரு சி.டி. இந்த மறுபரிசோதனைதான் நடைமுறையில் அதிகமாகத் தொலைந்துபோவது. காலில் அடிபட்டு வந்தவருக்கு நெஞ்சு சி.டி.யில் முடிச்சு தெரிந்திருக்கும். எலும்பு மருத்துவர் காலைச் சரிசெய்து அனுப்பிவிடுவார். அந்த வரியை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். ரிப்போர்ட்டின் முடிவில் அப்படி ஒரு வரி இருந்தால், எந்த மாதம் மறு ஸ்கேன், அதைக் கவனிக்கப்போகும் மருத்துவர் யார் என்ற இரண்டையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.